டஸ்கனியின் வெண்சாலைகள்: தூரத்தை விட ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

சென்னை வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருக்கு வயது 52. வார இறுதிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 70 கி.மீ. வரை சைக்கிள் ஓட்டுகிறார். அவருடைய மனைவி அதில் பாதித் தூரம் உடன் வருவார். இத்தாலியின் டஸ்கனியில், திராட்சைத் தோட்டங்களுக்கும் இடைக்கால ஊர்களுக்கும் நடுவே, கார்களே வராத கப்பிச் சாலைகளில் இருவரும் ஒரு வாரம் ஓட்ட விரும்புகிறார்கள். எந்தப் பகுதி, எந்த மாதம், எப்படிப்பட்ட சைக்கிள், நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டிருக்கிறார்.

‘கார்களே வராத’ என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சியெனா நகரைச் சுற்றியுள்ள ‘ஸ்த்ராதே பியாங்கே’ எனப்படும் வெண்சாலைகள் சட்டப்படி வாகனங்களுக்கு மூடப்பட்டவை அல்ல. விளைச்சலை நிலக்கிழாரோடு பங்கிட்டுக்கொள்ளும் வாரக் குத்தகை முறையில் விவசாயம் நடந்த காலத்தில் ஒவ்வொரு பண்ணை வீட்டையும் நிலக்கிழாரின் மாளிகையோடும் பக்கத்து ஊரோடும் இணைப்பதற்காக உருவான சாலைகள் இவை. 1964-இல் புதிய வாரக் குத்தகை ஒப்பந்தங்கள் தடை செய்யப்பட்டன. குடியானவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். சாலைகள் மட்டும் சுண்ணாம்புக்கல் சரளையோடு அப்படியே தங்கின. இன்று அவற்றில் ஒரு டிராக்டர், ஒரு தபால் வண்டி, விடுதிக்குச் செல்லும் ஓரிரு கார்கள் வரும். மணிக்கணக்கில் ஒன்றும் வராமலும் போகலாம். ஆனால் வளைவின் மறுபக்கம் காலியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் இறங்கக் கூடாது. ஒரு வெண்சாலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லத் தார்ச்சாலையையும் தொட்டாக வேண்டும். அப்போது கியாந்தி என்ற ஒயின் வட்டாரத்தின் ஊர்களை இணைக்கும் எஸ்.ஆர். 222 (எஸ்.ஆர். என்பது வட்டார நெடுஞ்சாலை), பழைய காசியா சாலையான எஸ்.ஆர். 2 ஆகிய இரண்டிலும் நீண்ட தூரம் செல்லாதபடி வழியை வகுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனமே கூடாது என்பதில் உறுதியாக இருந்தால், கியூசிக்கும் அரெட்சோவுக்கும் இடையே கால்வாய்க் கரையை ஒட்டிச் செல்லும் ‘செந்தியேரோ தெல்லா போனிஃபிகா’ என்ற 62 கி.மீ. பாதை இருக்கிறது. பெரும்பகுதி சரளை, ஏறக்குறைய முழுவதும் சமதளம், இரு முனைகளிலும் ரயில் நிலையம். மொன்டெபுல்சானோவின் திராட்சைக் குன்றுகளை அங்கிருந்து தள்ளி நின்றே பார்க்க முடியும் என்பது ஒன்றே குறை. உங்கள் மனைவியின் முதல் நாளுக்கு நான் அதில் ஒரு பகுதியைத்தான் பரிந்துரைப்பேன்.

குன்றுகளுக்குள் செல்வதற்கு ‘லெரோய்கா’ நிரந்தரப் பாதையை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். தார் பூசப்பட்டு அழியும் நிலையிலிருந்த இந்தச் சாலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு, 1997-இல் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் கயோலே இன் கியாந்தியில் பழைய சைக்கிள்களுக்கான ‘லெரோய்கா’ ஓட்டத்தைத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த 209 கி.மீ. சுற்றுப்பாதை வழிகாட்டிப் பலகைகளோடு ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. பழைய இரும்புச் சைக்கிள்தான் வேண்டும் என்ற விதி அக்டோபரில் நடக்கும் அந்த ஓட்டத்துக்கு மட்டுமே. மற்ற நாட்களில் எந்தச் சைக்கிளிலும் போகலாம்.

ஆனால் முழுச் சுற்றையும் முடிக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். சராசரியாக ஒவ்வொரு 50 கி.மீ.க்கும் ஏறக்குறைய 850 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். கடற்கரைச் சாலையின் 70 கி.மீ. உங்களுக்குத் தாங்குதிறனைத் தந்திருக்கிறது, ஏற்றத்துக்கான பழக்கத்தைத் தந்திருக்காது. எனவே நாளின் அளவை மீட்டரில் தீர்மானியுங்கள்: நீங்கள் 800, உங்கள் மனைவி 500, அல்லது அவருக்கு வாடகை மின் சைக்கிள். தூரம் தானாகவே 40 முதல் 50 கி.மீ.க்குள் அடங்கிவிடும், சரளையில் அதுவே நிறுத்தங்கள் நீங்கலாக நான்கு மணி நேர ஓட்டம்.

சைக்கிளைப் பொறுத்தவரை, அதன் விலையைவிட மிகக் குறைந்த கியர்தான் முக்கியம். முன்னும் பின்னும் சம எண்ணிக்கையில் பல் இருக்கும் கியரில், நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்குச் சுமார் 8 கி.மீ. வேகம் வரும். 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைத் தக்கவைக்க, சைக்கிளோடு சேர்த்து 90 கிலோ எடையுள்ளவர் ஏறக்குறைய 200 வாட் தர வேண்டும். சரளையின் இழுவை தனி. அதைவிட மெதுவாக மிதிக்க நேர்ந்தால் முழங்கால்தான் பாதிக்கப்படும். எனவே முன்பல் 30 அல்லது 32, பின்பல் 36-க்குக் குறையாமல் உள்ள சைக்கிளைக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள்; கயோலேயிலும் சியெனாவிலும் வாடகைக் கடைகள் உண்டு. டயர் 40 மி.மீ. அகலம் போதும். உங்கள் எடை 75 கிலோ அளவில் இருந்தால் காற்று 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்துக்கொள்ளுங்கள்; தார்ச்சாலைப் பழக்கத்தில் கெட்டியாக அடித்துவிட்டால் சக்கரம் கற்கள்மேல் துள்ளிப் பிடிமானத்தை இழக்கும்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். இருக்கையின் முன்பகுதியில் அமர்ந்து, உடலைத் தாழ்த்தி மிதியுங்கள். வாகனச் சக்கரங்கள் அழுத்திய இரு தடங்கள் இறுகியும், நடுவிலும் ஓரங்களிலும் சரளை குவிந்து தளர்ந்தும் இருக்கும். இறுகிய தடத்தைவிட்டு விலகும்போது கைப்பிடியை வெட்டித் திருப்பக் கூடாது. இறக்கத்தில் சாலை தகரக் கூரையைப் போல வரிவரியாக அதிரும் இடங்கள் உண்டு. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட்டு, மிதிகளைச் சமமாக வைத்து, முழங்கையை மடக்கி, இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊர்களில் தங்கினால் ஒரு வாரத்துக்குப் போதும். முதலாவது கயோலே. அங்கிருந்து ப்ரோலியோ கோட்டைக்கு சைப்ரஸ் மரங்களுக்கு இடையே ஏறும் வெண்சாலை உங்கள் முதல் பாடமாக இருக்கட்டும். 1872-இல் கோட்டையின் உரிமையாளர் பெத்தினோ ரிகாசோலி கியாந்தி ஒயினுக்கான திராட்சைக் கலவையைக் கடிதமொன்றில் வகுத்துரைத்தது இக்கோட்டையோடு தொடர்புடைய வரலாறு. இரண்டாவது, செங்கல் மதிலுக்குள் அடங்கிய புவோன்கொன்வெந்தோ. புனித ரோமானியப் பேரரசர் ஏழாம் ஹென்றி 1313-இல் இறந்த ஊர். அது தாழ்வான இடத்தில் இருப்பதால் நாள் முடிவில் ஏற வேண்டியதில்லை. ஒரு நாள் மூர்லோவுக்குப் போய், ரோமானியருக்கு முன் இங்கு வாழ்ந்த எட்ருஸ்கன் மக்கள் செய்த, அகலத் தொப்பியணிந்த சுடுமண் உருவத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்திலுள்ள மொன்டால்சினோவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆஷானோவுக்கு வடக்கே, சாம்பல் நிறக் களிமண் மேடுகளுக்கு நடுவே செல்லும் 11.5 கி.மீ. மொன்தே சாந்தே மரியே பகுதி தொழில்முறை வீரர்களையே பிரித்துவிடும் இடம். இந்தச் சாலைகளின் பெயரிலேயே நடக்கும் ‘ஸ்த்ராதே பியாங்கே’ சைக்கிள் பந்தயத்தை மும்முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கால் சம்மதித்தால் மட்டும்.

ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை சிறந்த காலம். செப்டம்பர் பிற்பகுதியும் அழகுதான். ஆனால் அது அறுவடைக் காலம் என்பதால் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் வழியில் வரும், வேட்டைக் காலமும் தொடங்கும் என்பதால் பளிச்சென்ற சட்டை அவசியம். ஜூலை, ஆகஸ்டில் களிமண் பகுதிகளில் நிழலே கிடையாது. பெருமழைக்கு மறுநாள் அதே களிமண் டயருக்கும் சைக்கிளின் சட்டகத்துக்கும் இடையே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்; அன்று கியாந்திப் பக்கத்துக் கல்தரைக்கு மாறிக்கொள்வதே வழி.

ஊர்களுக்கு நடுவே கடைகள் கிடையாது. ஊர்க் கடைகளும் பிற்பகலில் சில மணி நேரம் மூடியிருக்கும். ஆளுக்கு இரண்டு குப்பித் தண்ணீரோடு கிளம்பி, ஒவ்வொரு ஊரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆட்டு மந்தைக்கு அருகே வெள்ளைக் காவல் நாய்கள் வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள்.

ஒயின் சுவைப்பை ஓட்டம் முடிந்த பின் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற இத்தாலியின் வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். தவிரவும், இரண்டு கோப்பைக்குப் பிறகு தளர்ந்த சரளையில் இறங்குவது எவருக்கும் உகந்ததல்ல. இரண்டு தங்கலுக்கும் இடையே பெட்டிகளோடு சைக்கிளில் அல்லல்பட வேண்டாம்: சியெனாவிலிருந்து புவோன்கொன்வெந்தோவுக்கு ரயில் பாதை உண்டு, சைக்கிள் சின்னம் போட்ட வட்டார ரயில்களில் கூடுதல் சீட்டு வாங்கி சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம்.