ஆறு பேர் படிக்கும்போது ஒரு கட்டுரைக்கு என்ன நடக்கிறது? – எழுத்துப் பயிற்சி பற்றிய கேள்வி பதில்

பள்ளி மாணவர்களுக்குத் தனித்தனியாகத் தமிழ்க் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் அதே பிள்ளைகளில் ஆறு பேரை ஒன்றாக உட்காரவைத்து எழுதவும் வைக்கிறேன். இரண்டும் எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் பதில்கள் இவை.

திருச்சியிலிருந்து ஒரு தாயார்: பத்தாம் வகுப்பு மகனுக்குத் தனி டியூஷன் வைத்திருக்கிறோம். நாலு பேரோடு சேர்ந்தால் கவனம் சிதறாதா? தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்தானே பலன் அதிகம்?

தனிக் கவனிப்பின் வலிமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் படித்தவர்களைவிடத் தனியாகக் கற்றவர்கள் வெகுதூரம் முன்னால் நின்றார்கள் என்று அது காட்டியது. ஆனால் அந்தச் சோதனைகளில் கற்பித்தவை நிகழ்தகவும் வரைபடக் கலையும். எழுத்து அல்ல. கணக்குக்கு விடை வேண்டும், கட்டுரைக்கு வாசகர் வேண்டும்.

என் மாணவன் ஒருவன், பாட்டி ஊரில் மாடு கிணற்றில் விழுந்ததைப் பற்றி எழுதினான். நான் இரண்டு முறை திருத்தினேன். னகர ணகரப் பிழைகளைச் சுழித்தேன், விட்டுப்போன ஒற்றுகளைச் சேர்த்தேன். சனிக்கிழமை அதைப் படித்த ஏழாம் வகுப்புச் சிறுமி, "மாடு பிழைத்ததா இல்லையா?" என்று கேட்டாள். அவன் எழுதவே இல்லை! கதையை அவன் ஏற்கெனவே என்னிடம் வாயால் சொல்லியிருந்ததால் அந்த இடைவெளி என் கண்ணில் படவில்லை. அன்று அவன் வைக்கோற்பிரி கட்டிய கயிறு, ஊரே திரண்டது, இறங்கிய மாமாவின் காலில் பட்ட காயம் என்று பத்து நிமிடம் பேசினான். கட்டுரை அந்தப் பேச்சுக்குள்தான் இருந்தது. உங்கள் மகனின் ஆசிரியருக்கும் இப்படித்தான் அவன் மனம் பழகிப்போயிருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: தனக்கே சரியாக எழுதவராத பிள்ளை, இன்னொரு பிள்ளையின் எழுத்தில் என்ன குறை காண முடியும்?

ஐயா, திருத்தச் சொன்னால் முடியாதுதான். "எனக்கு இங்கே புரியவில்லை" என்று சொல்வதற்கு இலக்கணத் தேர்ச்சி தேவையில்லை. நான் கேட்பது அது மட்டுமே. நம் மரபிலும் நூலை அவையில் படித்துக் காட்டி, எழும் கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகே அரங்கேற்றம் நிறைவுபெற்றது.

1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளை முடித்த எல்லோருக்கும் இடமளித்தது. எழுதத் தடுமாறியவர்கள் பலர் உள்ளே வந்தார்கள். ஆசிரியர்கள் அளித்த கூடுதல் உதவியை அவர்கள் நாடவில்லை. அது வகுப்பறையின் நீட்சியாகவே அவர்களுக்குப் பட்டது என்று புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் கென்னத் புரூஃபி எழுதியிருக்கிறார். சக மாணவர்களை உதவியாளர்களாக அமர்த்தியபோது வந்தார்கள். உதவி பெற்றவரின் எழுத்து தேறியது, உதவியவரும் கற்றுக்கொண்டார். ஒருவர் எழுத்தில் தெளிவின்மையைக் கண்டுபிடித்த பிள்ளை, அடுத்த வாரம் தன் தாளிலேயே அதைத் தேடுவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

மதுரையில் டியூஷன் நடத்தும் பட்டதாரி: நானும் தொடங்க விரும்புகிறேன். எப்படி நடத்துவது?

ஐந்து அல்லது ஆறு பேர், ஒன்றரை மணி நேரம். எட்டுப் பேர் ஆனாலே இருவர் ஒளிந்துகொள்வார்கள். ஒரு நாளில் இரண்டு கட்டுரைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆளுக்கொரு ஜெராக்ஸ் பிரதி கொடுத்துவிடுங்கள்.

எழுதியவர் படிக்கக் கூடாது, வேறொருவர் உரக்கப் படிக்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதியவர் படித்தால் இல்லாத சொல்லையும் குரலால் நிரப்பிவிடுவார். மற்றவர் படிக்கும்போது ஓரிடத்தில் நாக்கு தடுக்கும், மூச்சு முட்டும். வாக்கியம் நீண்டுவிட்டது என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். படித்து முடித்ததும் முதலில் மனத்தில் நின்ற ஓர் இடத்தை ஒவ்வொருவரும் சொல்லட்டும். பிறகு கேள்விகள். அதுவரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, குறித்துக்கொள்ளலாம். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். ஆசிரியர் முதலில் பேசிவிட்டால் ஆறு பேரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். நான் முதல் ஓராண்டு இந்தத் தவற்றைச் செய்தேன்.

எழுத்துப் பிழைகளை அங்கே தொடாதீர்கள். குறித்துவைத்து, தனி வகுப்பில் பேசுங்கள்.

கோவையிலிருந்து ஒரு தந்தை: என் மகள் நான்கு பேர் முன்னால் பேசவே மாட்டாள். கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். முதல் மாதம் அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பிறகு தனி வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து அவளே ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, பெயரில்லாமல் கொண்டுவரட்டும். "இதை யார் எழுதியது, நன்றாக இருக்கிறதே" என்று ஒரு குழந்தை கேட்கும் கணத்துக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். அந்தக் கணத்தை என்னால் தனி வகுப்பில் தர முடியாது.

பொதுத்தேர்வில் மதிப்பெண் கூடுமா?

குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரையில் உடனே தெரியாது. "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" வினாவில் தெரியும். ஒரே படத்தில் ஆறு பேர் ஆறு விஷயங்களைப் பார்ப்பதைக் கேட்ட பிள்ளை வெற்றுத்தாளோடு உட்காராது.

ஒரு கல்லூரி மாணவி: இரண்டையும் சேர்த்து நடத்தும் இடம் வேறு எங்காவது உண்டா?

சான் பிரான்சிஸ்கோவில் 826 வாலன்சியா என்ற அமைப்பு 2002இல் தொடங்கியது. முகவரியே பெயர். பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். இன்னொரு பக்கம், வகுப்பு முழுவதும் அங்கே வந்து ஒரே கதையைச் சேர்ந்து புனையும், ஆளுக்கொரு சிறு புத்தகத்தோடு வீடு திரும்பும். வாசலில் கடற்கொள்ளையர் சாமான்கள் விற்கும் கடை! பாடத்துக்கு வருகிறோம் என்ற கூச்சமில்லாமல் குழந்தைகள் நுழைகிறார்கள்.

முதலில் கேட்ட தாயார் மீண்டும்: அப்படியானால் தனி டியூஷனை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். "மாடு என்ன ஆயிற்று?" என்று கேட்டது அந்தச் சிறுமிதான். ஆனால் அவன் அந்தப் பகுதியை ஏன் எழுதாமல் விட்டான் என்பது மறுவாரம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோதுதான் வெளிவந்தது. மாடு இறந்துவிட்டது. அதை எழுத அவனுக்கு மனம் வரவில்லை. அந்தப் பத்தியை இருவரும் சேர்ந்து மெல்ல எழுதினோம். அடுத்த சனிக்கிழமை அதைப் படிக்கும் பொறுப்பை அவன் அந்தச் சிறுமியிடமே கொடுத்தான்.