லாக் ஃபைலை அழிக்காதீர்கள்: பெக்கேஜ் தொல்லை பற்றி ஒரு ஞாயிறு கேள்வி பதில்

போன கிழமை "பெக்கேஜ் (வேறு யாரோ எழுதி வெளியிட்ட, நாம் இறக்கிப் பயன்படுத்தும் கோட்) இன்ஸ்டால் பண்ணுவதில் யாருக்கெல்லாம் தலைவலி" என்று சும்மா கேட்டு வைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. கொட்டகலையில் காலையிலிருந்து மழை, கரண்ட் இருக்கும் வரை எழுதுகிறேன். நான் தினமும் பார்ப்பது ஜாவாஸ்கிரிப்ட், கொஞ்சம் பைதன். அதற்கு வெளியே கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஹட்டன்: அக்கா, கம்பஸ் குரூப் ப்ரொஜெக்ட். நண்பனின் லெப்டொப்பில் ஓடுகிறது, என்னுடையதில் ஓடவில்லை. இருவரிடமும் ஒரே கோட் தான்.

நீங்கள் எழுதிய கோட் ஒன்றுதான் தம்பி, இறக்கிய கோட் வேறு. பெக்கேஜ் ஜேசனில் (எந்தெந்தப் பெக்கேஜ் வேண்டும் என்று ப்ரொஜெக்ட்டில் எழுதி வைக்கும் ஃபைல்) ^4.17.1 என்று இருந்தால் அதன் அர்த்தம் 4.17.1 அல்ல, அதிலிருந்து 5 க்குக் கீழே எது புதிதாக இருக்கிறதோ அது. நண்பன் ஜனவரியில் போட்டிருப்பார், நீங்கள் ஜூனில் போட்டிருப்பீர்கள், நடுவில் யாரோ ஒருவர் ஒரு சின்ன வேர்ஷன் விட்டு எதையோ உடைத்திருப்பார். அதுவும் நீங்கள் கேட்ட பெக்கேஜில் இல்லாமல், அது கேட்ட பெக்கேஜ் கேட்ட பெக்கேஜில். (முன்னால் பூச்சியம் இருந்தால் விதி வேறு: ^0.2.3 என்றால் 0.3 க்குக் கூடப் போகாது.)

மலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் "ஏறக்குறைய பதினெட்டு" என்றா எழுதுவார்? கிலோவைச் சரியாக எழுதினால்தான் முழுப்பேரா அரைப்பேரா (முழு நாள் சம்பளமா பாதியா) என்று சண்டை வராது. லாக் ஃபைல் அந்தக் கொப்பி. எந்தப் பெக்கேஜ், எந்த வேர்ஷன், எங்கிருந்து வந்தது, அதன் ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு அடையாளம்) என்ன, எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கிட்-இக்னோரில் (கோட் பகிரும் கிட்டில் எதைச் சேர்க்கக்கூடாது என்ற பட்டியல்) யாரோ அதையும் சேர்த்திருப்பார்கள், போய்ப் பாருங்கள். அதை எடுத்துவிட்டு லாக் ஃபைலை கிட்டில் போட்டு, இருவரும் ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜ்களை இறக்கும் கருவியான என்பிஎம் இல் "என்பிஎம் இன்ஸ்டால்" அடிக்காமல் "என்பிஎம் சிஐ" அடியுங்கள். அது லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே இறக்கும், பெக்கேஜ் ஜேசனோடு ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும்.

பண்டாரவளை: ஈரிஸால்வ் என்று சிவப்பில் ஒரு பக்கம் வருகிறது. லெகசி பியர் டெப்ஸ் (முரண்பாட்டைக் கண்டுகொள்ளாதே என்ற ஆப்ஷன்) போட்டால் போய்விடுகிறது. அப்படியே விடலாமா?

போய்விடவில்லை, நீங்கள் பார்க்காமல் திரும்பிக்கொண்டீர்கள். ஒரு பெக்கேஜ் "எனக்கு ரியாக்ட் 17 வேண்டும்" என்கிறது, உங்களிடம் இருப்பது 18. என்பிஎம் 3 முதல் 6 வரைக்கும் இதை ஒரு எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. 2020 இல் வந்த 7 ஆம் வேர்ஷன்தான் பியர் பெக்கேஜையும் (இப்படி ஒரு பெக்கேஜ் உங்களிடம் கூடவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் இன்னொன்று) மறுபடி தானே போட ஆரம்பித்தது, அதனால் முரண்பட்டால் நிற்கிறது. முதலில் "என்பிஎம் எக்ஸ்ப்ளெயின் ரியாக்ட்" என்று கேளுங்கள், யார் எதைக் கேட்கிறார்கள் என்று சொல்லும். அடம்பிடிக்கும் பெக்கேஜுக்குப் புது வேர்ஷன் இருக்கிறதா பாருங்கள். இல்லை, கடைசி அப்டேட்டே நாலு வருஷத்துக்கு முன் என்றால் வேறு பெக்கேஜ் தேடுங்கள்.

மஸ்கெலியா: நோட் மொடியூல்ஸையும் லாக் ஃபைலையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்களே?

நோட் மொடியூல்ஸை (இறக்கிய பெக்கேஜ் எல்லாம் கிடக்கும் ஃபோல்டர்) எத்தனை தரம் வேண்டுமானாலும் அழியுங்கள். லாக் ஃபைலை அழிக்காதீர்கள்.

பொகவந்தலாவை: அக்கா, எங்கள் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பாதியில் நின்றால் திரும்ப முதலிலிருந்து. டேட்டா எல்லாம் இதற்கே போகிறது.

தங்கச்சி, இதற்கு நான் நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் யூடியூபில் சொல்லித்தருகிற யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

2020 ஊரடங்கில் நான் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டேன். லயத்துக்குள் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. பீலிக்கு மேலே ஒரு கல் இருக்கிறது, அதில் ஏறினால் இரண்டு கோடு. லெப்டொப்பை மடியில் வைத்து, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு இன்ஸ்டால் போட்டேன். முக்கால்வாசியில் நின்றது. ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்று கேஷ் கிளீன் ஃபோர்ஸ் அடித்தேன் பாருங்கள், அதுவரை இறங்கி கேஷில் இருந்த அத்தனையும் போயிற்று. தண்ணீர் பிடிக்க வந்த அத்தை "யாருக்கும்மா திட்டுற?" என்று கேட்டார்.

அதனால்: இறங்கிய பெக்கேஜை என்பிஎம் கேஷில் வைத்திருக்கும், அதைத் துடைக்காதீர்கள். "ப்ரிஃபர் ஆஃப்லைன்" என்ற ஆப்ஷனோடு ஓடவிட்டால் கேஷில் உள்ளதை முதலில் எடுக்கும், இல்லாததுக்கு மட்டும் நெட்டுக்குப் போகும். மூன்று நாலு ப்ரொஜெக்ட் வைத்திருந்தால் என்பிஎம் செய்யும் வேலையையே செய்யும் இன்னொரு கருவியான பிஎன்பிஎம் க்கு மாறுங்கள். ஒரு வேர்ஷனை டிஸ்க்கில் ஒரு தரம்தான் வைத்து எல்லா ப்ரொஜெக்ட்டுக்கும் அதிலிருந்தே இணைப்புக் கொடுக்கும், டேட்டாவும் மிச்சம், இடமும் மிச்சம். பைதன் என்றால் டவுனுக்குப் போகும் நாளில் (பிப் என்பது பைதனின் பெக்கேஜ் கருவி) "பிப் டவுன்லோட்" போட்டு ஒரு ஃபோல்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம், வீட்டில் "நோ இண்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ்" கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் நெட்டே வேண்டாம். இறக்கும் மெஷினும் போடும் மெஷினும் ஒரே ஓஎஸ், ஒரே பைதன் வேர்ஷனாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நடந்து போய்வந்தது வீண்.

பதுளை: உபுண்டுவில் பிப் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்" என்று மறுக்கிறது. பிரேக் சிஸ்டம் பெக்கேஜஸ் என்று ஒன்றைச் சேர்த்தால் வேலை செய்கிறது.

பெயரிலேயே உடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அப்புறமும் கேட்கிறீர்கள். உபுண்டுவே தன் வேலைக்கு அந்தப் பைதனைப் பயன்படுத்துகிறது. ப்ரொஜெக்ட்டுக்கு ஒரு வென்வ் (அதற்கென்று தனியான பைதன் இடம்) போடுங்கள், ஒரே ஒரு வரி.

நுவரெலியா: தங்கச்சி, லாக் ஃபைல் லாக் ஃபைல் என்று பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள். 2021 டிசம்பரில் லாக் ஃபோர் ஜே என்ற ஜாவா பெக்கேஜில் ஓட்டை வந்தபோது மாட்டியது யார்? திருத்தம் வந்த பிறகும் பழைய வேர்ஷனைக் கட்டிப்பிடித்து இருந்தவர்கள்தான். எப்போதும் லேட்டஸ்ட் போட வேண்டும்.

அண்ணா, சரி, 2024 மார்ச்சுக்கு வாருங்கள். லினக்ஸில் ஃபைலைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு. உள்ளே வந்தது யார் வீட்டுக்கு? டெபியன் அன்ஸ்டேபிள் (டெபியன் லினக்ஸில் புதியவை முதலில் வரும் கிளை) மாதிரி லேட்டஸ்ட் ஓட்டியவர்கள் வீட்டுக்கு. டெபியன் ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்டுபிடித்தது எந்த ஸ்கேனரும் இல்லை, எஸ்எஸ்எச் லாகின் (தூரத்து மெஷினுக்குள் நுழைவது) அரை செக்கன் பிந்துகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒரு மனிதர்.

நுவரெலியா (மீண்டும்): ஒரு உதாரணத்தை வைத்து வாதாட முடியாது.

இன்னொன்று தருகிறேன். 2025 செப்டெம்பர் 8, சாக், டிபக் உட்பட 18 என்பிஎம் பெக்கேஜ். பராமரிப்பவரைப் பொய் ஈமெயிலால் ஏமாற்றி அவர் கணக்கு வழியாகவே விஷம் வைத்த வேர்ஷனை விட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள், அந்த இரண்டு மணி நேரத்தில் லேட்டஸ்ட் இறக்கியவர்களுக்குத்தான் ஆபத்து. இதற்குப் பிறகுதான் பிஎன்பிஎம் இல், ஒரு வேர்ஷன் வெளியாகி இவ்வளவு நேரம் ஆகாமல் எடுக்காதே என்று சொல்லும் செட்டிங்கே வந்தது.

நுவரெலியா (மீண்டும்): அப்போ மூன்று வருஷம் அப்டேட் பண்ணாமல் இருக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நானே பட்டிருக்கிறேன். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு ப்ரொஜெக்ட்டை மூன்று வருஷம் யாரும் தொடவில்லை, பிறகு நாலு மேஜர் வேர்ஷன் ஒரே மூச்சில் ஏற்றச் சொன்னார்கள். பதினொரு நாள் போயிற்று, அதில் இரண்டு நாள் தேதி காட்டும் ஒரே ஒரு பெக்கேஜுக்கு. அதனால் மாதம் ஒரு தரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஏற்றி, டெஸ்ட் ஓட்டி, புது லாக் ஃபைலை கிட்டில் போடுங்கள். பாதுகாப்பு ஓட்டை என்றால் மாதம் பார்க்க வேண்டாம், அன்றே. லாக் ஃபைல் இருப்பதால்தான் எது மாறியது என்று உங்களுக்கே தெரியும் அண்ணா.

நுவரெலியா (மீண்டும்): ஒப்புக்கொண்டீர்கள் தானே.

பாதி.

தலவாக்கலை: லாக் ஃபைலில் கிட் கான்ஃபிளிக்ட். அழித்துவிட்டுப் புதிதாக...

மஸ்கெலியாவுக்குச் சொன்னதுதான். மெயின் பிராஞ்சில் உள்ள லாக் ஃபைலை எடுத்து வைத்து, பெக்கேஜ் ஜேசனைக் கையால் சரிபண்ணி, இன்ஸ்டால் அடியுங்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

அப்புத்தளை: மேவனில் (ஜாவாவின் பெக்கேஜ் கருவி) ஒரே லைப்ரரி இரண்டு வேர்ஷன் வந்தால் எதை எடுக்கும்?

எது எதைக் கேட்கிறது என்ற மரத்தில் வேருக்குக் கிட்ட இருப்பதை, புதியதை அல்ல. இதற்கு மேல் ஜாவா ஆட்களிடம் கேளுங்கள்.

கண்டி: எந்த லெப்டொப் வாங்கலாம்?

இது அந்தக் கடை இல்லை.

வட்டவளை: அக்கா, லாக் ஃபைலை அழித்தால்...

அழிக்காதீர்கள்!

ஹட்டன் (மீண்டும்): அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கிட்-இக்னோரில் இருந்தது. எடுத்துவிட்டு லாக் ஃபைலைப் போட்டேன். இப்போது நண்பனுடையதிலும் ஓடவில்லை.

யாருடைய லாக் ஃபைலைத் தம்பி போட்டீர்கள்? ஓடாத லெப்டொப்பினுடையதையா? தப்பு என்னுடையதும்தான், யாருடையது என்று நான் சொல்லவில்லை. நண்பனிடம் பழையது இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள், அழித்திருக்க மாட்டாரே? கரண்ட் போய்விட்டது, லெப்டொப்பில் 14 சதவீதம் இருக்கிறது, சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்கள்.