பேதுரு சொன்ன மூன்றாவது பதில்

கேள்வி: சபையில் ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. 'உன்னால் முடியும்' என்று தட்டிக்கொடுத்த அண்ணனும் இப்போது பேசுவதில்லை. என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. என்ன செய்ய?

பதில்: அந்த அண்ணன் விலகியது வலிக்கும்தான், தம்பி. ஆனால் உங்கள் கடைசிக் குறை எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. இயேசுவின் சீடர் பேதுருவுக்குத் தன்மேல் நம்பிக்கை ஏராளம். எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்றார். ஆனால் அதே இரவில், சேவல் கூவுமுன், இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். பைபிளில் யோவான் சுவிசேஷத்தின் 21-ம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். 'என்னை நேசிக்கிறாயா?' என்று இயேசு மூன்று முறை கேட்கிறார். பழைய பேதுருவாக இருந்தால் மார்தட்டியிருப்பார். இப்போதோ, மூன்றாம் முறை, 'ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும். நான் உம்மை நேசிப்பதும் தெரியும்' என்கிறார். தன் மனசுக்கான சாட்சியைக்கூட அவரிடமே விட்டுவிடுகிறார்.

என் முதல் பிரசங்கத்துக்கு ஒன்பது பக்கம் எழுதிப்போனேன். நாலாம் பக்கத்தைக் காணோம். அசடு வழிய நின்றேன். 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்பது மட்டும்தான் வாயில் வந்தது. (தலைப்பு வேறு 'விசுவாசத்தில் தைரியம்'!)

அடுத்த முறை கூப்பிட்டால் ஒரே வரி ஜெபியுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அந்த அண்ணனுக்கும் நீங்களே ஒரு போன் போடுங்கள்.