அந்த 3,500 ரூபாய் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். காலிபர் (காலைத் தாங்கும் கருவி) போட்டால்தான் நடப்பான். இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அரசு வருடம் 3,500 ரூபாய் தருகிறதாம். எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்தவரும் இப்போது வருவதில்லை. கேட்டால் ‘ஃபண்டு இல்லை’ என்கிறார்கள். தலைமையாசிரியரிடம் சண்டை போடலாமா?
– ஒரு தாய், ஆரணி

பதில்: சண்டை வேண்டாம், சகோதரி. அந்தப் பணம் அவர் கைக்கு வருவதே இல்லை.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு வரை செலவிடலாம் என்று வைத்திருக்கும் உச்சவரம்புதான் 3,500 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். பெண் குழந்தைகளுக்கு மட்டும் இதிலிருந்து மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு வங்கிக் கணக்கில் உதவித்தொகை உண்டு. மற்றபடி பெரும்பாலும் மருத்துவ முகாம், காலிபர், சக்கர நாற்காலி, பயிற்சி என்று சேவையாகத்தான் பிள்ளையிடம் வந்து சேரும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மகன் கணக்கில் இருக்கிறானா என்பதைத்தான். எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன தேவை என்பதை வைத்துத்தான் ஒவ்வோர் ஆண்டும் திட்டம் போட்டுப் பணம் கேட்கிறார்கள். பள்ளிக்குப் போய், எமிஸ் என்னும் கணினி மாணவர் பதிவில் அவன் மாற்றுத்திறன் மாணவர் என்று இருக்கிறதா, பெருமூளை வாதம் என்று சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். பதிவில் இல்லாத பிள்ளைக்கு யாரும் பணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

‘ஃபண்டு இல்லை’ என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, சமக்ர சிக்ஷாவுக்கு 2024-25இல் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் அது இரண்டு அரசுகளுக்கு இடையிலான தகராறு. அதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையின் கால் காத்திருக்க முடியாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். வாய்வார்த்தையாக வரும் ‘இல்லை’யை ஏற்றுக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் வட்டார வள மையத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். ‘நிதி உதவி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். என் மகனுக்கு இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) எந்தக் கிழமை, எங்கே, யார் தருவார்? சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாட்கள் எவை? காலிபர் கொடுத்து இவ்வளவு காலமாகிறது, இப்போது இந்த இடத்தில் இறுக்குகிறது, எப்போது மாற்றித் தருவீர்கள்? பயிற்சிக்கு அழைத்துவரப் போக்குவரத்துப்படி, துணையாளர்படி உண்டா? இப்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அசைவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், அப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் வட்டாரத்துக்கு உள்ளடக்கிய கல்விக்காக (மாற்றுத்திறன் பிள்ளைகளையும் சேர்த்த கல்வி) இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்றும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பள்ளிக்கு வெளியேயும் சில உதவிகள் உண்டு. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையுடையது. பாதிப்பு சதவீதத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும், பள்ளியில் கேட்டுப் பயனில்லை. இன்னொன்று நிரமயா காப்பீடு. பெருமூளை வாதத்துக்கும் பொருந்தும் இந்தத் திட்டத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தொடர் தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு கேட்கலாம். இரண்டுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் அடுத்த மருத்துவ முகாம் எப்போது என்று மனு கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது பழைய காலிபரையும் கையோடு கொண்டுபோங்கள். அது எங்கே உரசிப் புண்ணாக்குகிறது என்பதை அளவெடுப்பவரிடம் காட்டலாம்.