நெபியோலோவில் குலை இல்லை, பிடுங்கிவிடலாமா?

கேள்வி: சொந்த ஊர் கம்பம். இத்தாலியின் லாங்கே மலைப்பகுதியில், ஆல்பா நகருக்குப் பக்கத்தில் சரிவான திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். முழுக்க நெபியோலோ ரகம். குளிர்காலத்தில் குச்சிக்கு இரண்டு கண் (துளிர்க்கும் மொட்டு) விட்டுக் கவாத்து செய்தேன். கொடி தளதளவென்று இருக்கிறது, குலைதான் இல்லை. பிடுங்கிவிட்டு டோல்செட்டோ என்ற இன்னொரு திராட்சை ரகம் வைக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கோளாறு கவாத்தில்தான். நெபியோலோ குச்சியின் அடியில் இருக்கும் முதல் இரண்டு மூன்று கண்களில் பெரும்பாலும் குலை வராது. அந்தக் கண்களை விட்டுவிட்டு, காய்க்கிற கண்களை வெட்டி எறிந்திருக்கிறீர்கள். அங்கே குயோ முறையில், அதாவது ஒரு நீளக் குச்சியை விட்டுக் கம்பியில் வளைத்துக் கட்டும் முறையில், கவாத்து செய்வது இதனால்தான்.

இப்போது வளர்ந்திருக்கும் குச்சிகளே அடுத்த வருஷத்துக்கு உதவும். பென்சில் கனத்தில், நன்றாக வெயில் பட்டுப் பழுப்பேறிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எட்டு முதல் பத்து கண் விட்டு, கீழ்க்கம்பியில் மெதுவாக வளைத்துக் கட்டுங்கள். அதற்குக் கீழே, தண்டை ஒட்டி இன்னொரு குச்சியை இரண்டு கண்ணோடு நறுக்கி விடுங்கள். அது அதற்கடுத்த வருஷத்துக் காய்ப்புக் குச்சிக்காக. மிச்சக் குச்சிகளையெல்லாம் வெட்டிவிடுங்கள். இந்த வேலையைக் குளிர்காலக் கடைசிக்குத் தள்ளி வைப்பது நல்லது. நெபியோலோ முந்தித் துளிர்க்கிற ரகம். தாமதமாக வெட்டினால் துளிரும் சற்றுத் தள்ளிப்போகும், உறைபனியில் கருகுவது குறையும்.

ஆகஸ்டில் இலை சிவந்து கீழ்நோக்கிச் சுருண்டு, குச்சி முற்றாமல் ரப்பர் போலத் துவண்டால் மட்டும் கதை வேறு. அது தத்துப்பூச்சி பரப்பும் ‘மஞ்சள் நோய்’ என்ற கொடிநோயாக இருக்கலாம், உடனே உள்ளூர் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே! நெபியோலோ அக்டோபர் வரை பழுக்கும், தெற்கு வெயில் வேண்டும். நெபியோலோவில் செய்யும் அந்தப் பகுதி ஒயினான பரோலோவின் விதிகளே வடக்குச் சரிவை ஒதுக்கிவிடுகின்றன. பனி முதலில் உருகும் இடம்தான் இதற்கு ஏற்ற இடம். பனி கடைசிவரை கிடக்கும் வரிசைகள் இருந்தால், அங்கே மட்டும் டோல்செட்டோ வைக்க யோசிக்கலாம். அது செப்டம்பரிலேயே பழுத்துவிடும், ஒயினும் அடுத்த வருஷமே விற்பனைக்கு வரும். பரோலோவை மரப்பீப்பாயில் 18 மாதம் உட்பட 38 மாதம் வைத்திருக்க வேண்டும். டோல்செட்டோவில் பணம் சீக்கிரம் கைக்கு வரும், சரி. ஆனால் புதுக்கொடி காய்க்க மூன்று வருஷம் ஆகும், நடவுக்கு அனுமதியும் வாங்க வேண்டும். அப்புறம், டோல்செட்டோ பழம் முற்றியதும் பொலபொலவென்று உதிரும். அறுவடைக்கு ஆள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.