கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

பொகவந்தலாவை: அண்ணே, அப்பாவுக்கு இரண்டு காலும் இல்லை. கை நல்ல பலம். வீட்டில் பழைய கியர் சைக்கிள் ஒன்றும் சாதாரண லுமாலா சைக்கிள் ஒன்றும் கிடக்கின்றன. எங்கே தொடங்குவது?

கியர் சைக்கிளில் தொடங்குங்கள் தம்பி. வண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. கையால் சுற்றி ஓட்டுவது முன்சக்கரத்தை. அங்கே வரப்போவது சைக்கிளின் பின்சக்கரம், பிரீவீல் (செயின் மாட்டும் பல்சக்கரம்) அதில்தானே இருக்கிறது. ஆனால் முன் போர்க்கின் (சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) உள்ளகலம் 100 மில்லிமீட்டர், அந்தப் பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பெரும்பாலும் 135. போர்க்கை அகட்டி நுழைக்காதீர்கள். சைக்கிளின் பின்பக்கச் சட்டத்தை அப்படியே அறுத்தெடுத்துப் போர்க்காக்குங்கள்.

பெடல் அச்சு அப்பாவின் நெஞ்சு உயரத்துக்கு வரட்டும். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். கைப்பெடலுக்கும் ஹேண்டிலுக்கும் ஒரே தண்டு என்பதால், காலுக்குப் பூட்டுவது போல எதிரெதிராகப் பூட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி இடமும் வலமும் ஆடும்.

தலவாக்கலை: என்னிடம் கொட்டர் பின் (ஆப்பு ஆணி) அடித்துப் பூட்டும் கிராங்க்தான் உண்டு. சரிவருமா?

வராது. அந்த அச்சில் வெட்டிய இடம் கிராங்கை எதிரெதிராகத்தான் உட்காரவிடும். சதுர ஓட்டை உள்ளதைத் தேடுங்கள்.

வட்டவளை: பெடலைப் பின்னால் சுற்றினால் பிடிக்கும் பிரேக் ஹப் இருக்கிறது. அது போதாதா?

போதாது. செயின் கழன்ற நொடியில் அந்தப் பிரேக்கும் போய்விடும், இறக்கத்தில் காலை ஊன்றி நிறுத்தவும் வழியில்லை. செயினோடு சம்பந்தமில்லாத இரண்டாவது பிரேக்கைப் பின்சக்கரங்களுக்குப் பூட்டுங்கள். லீவர் தொடைப் பக்கம் இருக்கட்டும், இழுத்தால் பூட்டி நிற்கட்டும். உங்கள் பக்கத்து மழைக்கு குரோம் பூசிய இரும்பு ரிம் ஆகாது. நனைந்தால் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும், அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். பிரேக் வேலை முடியும்வரை வண்டியை லயத்து முற்றத்தை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

ஹப்புத்தளை: ஏற்றத்தில் ஈரமென்றால் முன்சக்கரம் நின்ற இடத்தில் சுற்றுகிறது.
பண்டாரவளை: நான் அப்போதே சொன்னேன், மலைக்கு முன்சக்கர ஓட்டம் உதவாது. செயினைப் பின்னால் கொண்டுபோங்கள்.

பண்டாரவளைத் தம்பி சொல்வதில் பாதி சரி. ஆளும் வண்டியும் 90 கிலோ என்றால், பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் 9 கிலோ இழுவை வேண்டும். முன்சக்கரத்தில் 30 கிலோதான் விழுகிறது, ஈரச் சரளை அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் 10 கிலோ. ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னுக்குப் போகும், அதுதான் சறுக்குகிறது.

முதலில் நிறுத்துப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு போதும். ஆளை உட்காரவைத்து, முன்சக்கரத்தைக் கயிற்றால் மாட்டி, டயர் தரையை விடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். சீட்டை முன்னுக்குத் தள்ளி அது 40 கிலோ ஆனால் ஏறும்.

பண்டாரவளை: முன்னால் கல் மூட்டை கட்டினால்?

அந்தக் கல்லையும் அதே கைதானே இழுக்க வேண்டும்? சீட்டைத்தான் நகர்த்த வேண்டும். பின்சக்கர ஓட்டத்திலும் சிக்கல் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் இழுத்தால் வண்டி ஒரு பக்கம் வாங்கும், செயின் நீளும், ஹேண்டிலைத் தனியாக அமைக்க வேண்டும். தினமும் சேற்றுப் பாதைதான் என்றால் உங்கள் முறை நல்லது. தார் ரோட்டுக்கு நான் முன்சக்கரம்தான் கட்டுவேன்.

நானுஓயா: கியர் எத்தனை பல்?

கைப்பெடல் பக்கம் 22, சக்கரத்தில் 34. 26 அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.3 மீட்டர் நகரும். சாதாரண சைக்கிளின் 44-க்கு 18 என்றால் ஐந்து மீட்டர், அதைக் கையால் ஏற்றத்தில் சுற்றவே முடியாது.

லிந்துலை: சமதரைதான், ஒரு பிரேக் போதுமா?

இரண்டு. வட்டவளைக்கு எழுதியதைப் பாருங்கள்.

மஸ்கெலியா: மோட்டர் பூட்டலாமா?

மின்வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பதுளை: செயின் நல்ல புதுசு. அப்போதும் இரண்டு பிரேக்கா?

ஆமாம், புதுச் செயினும் கழலும். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

ஹட்டன்: தங்கச்சிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பலகை சீட் போதுமா அண்ணே?

வேண்டாம் தம்பி. உணர்வில்லாத இடத்தில் அழுத்தப் புண் வந்தால் தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில் மெத்தையைப் பற்றிக் கேட்டுவிட்டு, அந்த அளவுக்குச் சீட் செய்யுங்கள்.

கினிகத்தேனை: பின்சக்கரங்களை உள்பக்கம் மட்டும் தாங்கினால் இரும்பு மிச்சமாகுமே?

சைக்கிள் அச்சு இரண்டு பக்கமும் தாங்குவதற்காகச் செய்தது. ஒரு பக்கம் தொங்கவிட்டால் மரை வெட்டிய இடத்தில் வளையும், பிறகு முறியும். வெளிப்பக்கமும் தட்டு வைத்துப் பிடியுங்கள். பிரேக் பூட்டவும் அந்தச் சட்டம் வேண்டும்.