பைபாஸ் வால்வு வாங்கறதுக்கு முன்னாடி அந்த டியூப்பப் பாத்தீங்களா?

இந்த தடவ வந்த கேள்வில முக்காவாசி பழைய மினி கூப்பர் எஸ் பத்தித்தான், அதாவது 2002ல இருந்து 2006 வரைக்கும் ஆக்ஸ்ஃபோர்ட்ல செஞ்ச ஆர்53. அதுலயும் எல்லாருக்கும் பைபாஸ் வால்வு மேல, அதாவது லேசா மிதிக்கறப்ப சூப்பர்சார்ஜர் தள்ற காத்த திரும்ப அதோட வாசலுக்கே விடற வால்வு மேல, என்னமோ திடீர் ஆச. யார் கிளப்பி விட்டாங்களோ தெரியல. ஒரே மாதிரி இருந்தத எல்லாம் ஒண்ணாக்கிட்டேன். சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்குக் காத்த அமுக்கித் தள்ளும், இன்டர்கூலர் அந்தக் காத்த ஆத்தும், அதுக்கு மேல அரிச்சுவடில இருந்து ஆரம்பிக்க மாட்டேன், அது தெரிஞ்சவங்களுக்குத்தான் இது.

கே: 2004 மாடல். ஊருக்குள்ள மெதுவா போறப்ப 2000, 2500 ஆர்பிஎம்ல ஆக்சிலரேட்டர லேசா மிதிச்சா வண்டி ஊஞ்சல் மாதிரி முன்னாடி பின்னாடி ஆடுது. வெளி மார்க்கெட் வால்வு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். மாட்டுனா சரியாயிடுமா?

ப: வாங்கிட்டுத்தான் கேக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான். அந்த ஆட்டத்துக்கு வால்வு ஒரு காரணமா இருக்கலாம், அதுதான் காரணம்னு யார் சொன்னது? ஆரம்ப கால வண்டில கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரே அப்படித்தான் இருந்துச்சு, ஏசி போட்டா இன்னும் மோசம். முதல்ல வால்வுக்குப் போற வேக்யூம் டியூப்பப் பாருங்க. இருபது வருஷம் இன்ஜின் சூட்டுல வெந்த ரப்பர் அது, மடக்கிப் பாத்தா முனைல கோடு கோடா வெடிச்சிருக்கும். ஓட்டை ஆனா வால்வுக்கு வேக்யூம் ஒழுங்கா போகாது, தொறக்கவா மூடவான்னு தெரியாம துடிச்சிட்டே இருக்கும். டியூப் ஒரு டீ காசு, நீங்க வாங்குன வால்வு எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும்.

டியூப் நல்லா இருந்தா அடுத்தது டயாஃப்ரம், அதாவது வேக்யூம் இழுத்தா வால்வத் தொறக்கற ரப்பர் சவ்வு. இன்ஜின் ஆறுனதுக்கப்புறம் டியூப்பக் கழட்டி, வால்வோட லீவர விரலால தள்ளி முழுசா தொறந்து பிடிச்சுக்கிட்டு, டியூப் மாட்டற மூக்க இன்னொரு விரலால கெட்டியா அடைச்சுட்டு லீவர விடுங்க. அப்படியே நின்னா டயாஃப்ரம் நல்லா இருக்கு. மெதுமெதுவா திரும்பி வந்தா கிழிஞ்சிருச்சு. ஒரு நிமிஷ வேலதான்.

கே: நானே மாட்டலாமா, இல்ல ஒர்க்ஷாப்புக்குப் போகணுமா?

ப: டார்க்ஸ் செட் (நட்சத்திரத் தலை ஸ்க்ரூ கழட்டறது) இருந்து, பொறுமையும் இருந்தா தாராளமா நீங்களே மாட்டலாம். முதல் தடவன்னா ரெண்டு மணி நேரம், பழகிட்டா ஒரு மணி நேரம். மேல இருக்கற இன்டர்கூலர எடுக்கணும், அதுக்குக் கீழதான் வால்வு ஒளிஞ்சிருக்கு. இன்ஜின் ஆறட்டும், ஆறட்டும்னு நான் சொல்றது வண்டிய நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சிட்டு வர்றது இல்ல, ராத்திரி விட்டு காலைல கை வைக்கறது. இன்டர்கூலரோட ரெண்டு பக்கமும் அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பா ரப்பர் உறை இருக்கும், அத ஸ்க்ரூ ட்ரைவர் வெச்சு நெம்பாதீங்க, கையால அசைச்சு அசைச்சு எடுங்க. கிழிச்சுட்டீங்கன்னா புது வால்வு மாட்டியும் பூஸ்ட், அதாவது சார்ஜர் அமுக்குன காத்து, ஒழுகிட்டே இருக்கும், அப்புறம் வால்வு விக்கறவன திட்டுவீங்க.

இன்டர்கூலர தூக்குன உடனே தொறந்திருக்கற ரெண்டு வாய்லயும் சுத்தமான துணிய அடைங்க. வெளிய தெரியற மாதிரி பெரிய துணி. எத்தனையோ தடவ சொல்லியாச்சு, இனியும் சொல்வேன், ஏன்னா ஒரு தடவ "ரெண்டே நிமிஷம்தான"ன்னு துணி அடைக்காம விட்டு, என் கையில இருந்து ஒரு சின்ன வாஷர் நழுவி மேனிஃபோல்டுக்குள்ள (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) டிங்குன்னு விழுந்துச்சு. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. குச்சில காந்தம் கட்டி மீன் பிடிக்கற மாதிரி ஒன்றரை மணி நேரம் துழாவி எடுத்தேன். கிடைக்கலன்னா மேனிஃபோல்டையே இறக்கி இருக்கணும்.

கே: புது வால்வுல ஒரு அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கு. எவ்வளவு டைட் வெச்சா பூஸ்ட் அதிகமாகும்?

ப: அது பூஸ்ட் ஏத்தற ஸ்க்ரூ இல்ல. உள்ள இருக்கற தகடு மூடறப்ப எங்க நிக்கணும்னு சொல்ற ஸ்க்ரூ. வால்வ வெளிய வெச்சே செட் பண்ணுங்க, பின்னாடி டார்ச் அடிச்சா தகட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவுல மயிரிழை வெளிச்சம் சுத்தியும் ஒரே அளவா தெரிஞ்சா போதும். அதுக்கு மேல ஆசப்பட்டா தகடு போய் ஆப்பு மாதிரி இறுகிக்கும், வேக்யூம் இழுத்தாலும் தொறக்காது. அப்புறம் சும்மா போறப்பகூட சார்ஜர் காத்த அமுக்கிட்டே இருக்கும், சூடு ஏறும், பெட்ரோல் குடிக்கும்.

கே: எத்தன எச்பி கூடும்?

ப: பழைய வால்வு ஒழுகிட்டு இருந்தா, ஒழுகுனது திரும்பக் கிடைக்கும். இல்லன்னா பூஜ்யம்.

கே: டர்போ வண்டில கியர் மாத்தறப்ப "ப்ஷ்ஷ்"னு ஒரு சத்தம் வருமே, அது மாதிரி என் ஆர்53ல வெளிய ஊதற வால்வு போட முடியுமா? ஃப்ரெண்டு ஒருத்தன் போட்டிருக்கான்.

ப: ஃப்ரெண்டு வண்டி இப்ப எப்படி ஓடுதுன்னும் கேட்டுட்டு வாங்க. டர்போல த்ராட்டில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிச்சா தொறக்கற காத்துக் கதவு, கடைசில இருக்கும், படக்குனு மூடுனா அமுங்குன காத்து போக வழியில்லாம முட்டும், அதுக்குத்தான் அந்த வால்வு. நம்ம வண்டில த்ராட்டில் சார்ஜருக்கு முன்னாடியே இருக்கு. மூடுனா சார்ஜருக்கு காத்தே கிடைக்காது, அப்புறம் எத வெளிய ஊதறது? ஐட்லிங்ல மேனிஃபோல்டுக்குள்ள வேக்யூம்தான் இருக்கும், வெளிய பாத்து வால்வு வெச்சா அது ஊதறதுக்குப் பதிலா தூசியோட காத்த உள்ள உறிஞ்சும், ஐட்லிங் எகிறும். இந்த வண்டிக்கு சார்ஜரோட சிணுங்கல் சத்தமே அழகு. அது பத்தலன்னா ஸ்பீக்கர் வாங்கிக்குங்க.

கே: 95,000 மைல் ஓடுன வண்டி. வால்வு மாத்தறப்போ மெக்கானிக் சூப்பர்சார்ஜர் ஆயிலையும் மாத்திடலாம்னு சொல்றார். ஆனா அது "லைஃப்டைம்" ஆயில், தொடவே வேண்டாம்னு முன்னாடி ஒரு இடத்துல சொன்னாங்க. பணம் புடுங்கப் பாக்கறாரா?

ப: இத எழுதறதுக்கு முன்னாடி நான் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுக்கறேன்.

லைஃப்டைம்னா யாரோட லைஃப்டைம்? வண்டியோடதா, வாரண்டியோடதா? ஆயில் சீல் போட்டு வெச்சிருக்குன்னா வத்தாது, கெடாதுன்னு அர்த்தமா? இந்த ஒரு வார்த்தையால செத்த இன்ஜின் எத்தன. நல்லா கேட்டுக்குங்க, ஆர்53ல இருக்கற ஈட்டன் எம்45 சார்ஜருக்கு ரெண்டு தனித்தனி ஆயில் அறை இருக்கு. ஒண்ணு முன்னாடி பெல்ட் புல்லி பக்கம், அது ஓரளவுக்குத் தாங்கும். இன்னொண்ணு பின்னாடி, அதுல இருக்கற கியர்தான் வாட்டர் பம்ப்ப சுத்துது. ஆமா, இந்த வண்டில வாட்டர் பம்ப்புக்கு தனி பெல்ட் கிடையாது, சார்ஜரோட முதுகுல தொத்திக்கிட்டு சுத்துது. அந்த பின் அறைல இருக்கறது கொஞ்சூண்டு ஆயில். அது சூட்டுல காஞ்சு போச்சுன்னா கியர் பல்லு தேயும், ஒரு நாள் மழுங்கி வழுக்கும், வாட்டர் பம்ப் நின்னுடும். பெல்ட் சுத்திட்டே இருக்கும், பூஸ்டும் வரும், வண்டி நல்லா இழுக்கும், கூலன்ட் மட்டும் ஓடாது. பாதி பேரு தெர்மோஸ்டாட்டுன்னு நெனச்சு அத மாத்துவாங்க, ரேடியேட்டர மாத்துவாங்க, அதுக்குள்ள ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடில இருக்கற சீல்) போயிருக்கும்.

போன வருஷம் ஒரு வண்டி, உங்களது மாதிரியே 90,000 மைல் சொச்சம். பின் அறை ப்ளக்க கழட்டி கீழ ஒரு பழைய டீ டம்ளர் வெச்சேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு, ஒண்ணும் வரல. சார்ஜர சாய்ச்சுப் பிடிச்சதுக்கப்புறம் அரை ஸ்பூன் வந்துச்சு, கறுப்பா, வெல்லப்பாகு மாதிரி, அழுகுன முட்டைக்கு அண்ணன் மாதிரி நாத்தம். விரல்ல தடவிப் பாத்தா மினுமினுன்னு இரும்புத் தூள். வண்டிக்காரர் பக்கத்துலயே நின்னு பாத்தாரு. அவர்கிட்டயும் லைஃப்டைம்னுதான் சொல்லி அனுப்பியிருக்காங்க.

உங்க மெக்கானிக் நல்லவர், விட்டுடாதீங்க. ஆனா ஒண்ணு, வால்வு வேலையோட சேத்து ஃப்ரீயா ஆயிடற வேல இல்ல இது. வால்வுக்கு இன்டர்கூலர் எடுத்தா போதும், ஆயிலுக்கு பம்பர், முன்பக்கம் எல்லாம் இழுத்து சார்ஜரையே இறக்கணும், முழுசா ஒரு நாள் கூலி. அவ்வளவு தூரம் இறக்குனதுக்கு வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஓ-ரிங், பெல்ட், எல்லாத்தையும் அதோடயே மாத்துங்க, வால்வையும் அன்னைக்கே மாட்டிடலாம். சார்ஜருக்குன்னு விக்கற ஆயில்தான் ஊத்தணும், வீட்ல மிச்சம் இருக்கற இன்ஜின் ஆயில ஊத்தாதீங்க. 60,000 மைலுக்கு ஒரு தடவ இத பண்ணுங்க. அந்த வார்த்தைய இன்னொரு தடவ எங்கிட்ட சொல்லாதீங்க.

கே: 2008 கூப்பர் எஸ், மூணு கதவு. நீங்க சொன்ன மாதிரி இன்டர்கூலர் மேல இல்லையே, வால்வு எங்க தேடறது?

ப: உங்க வண்டில சூப்பர்சார்ஜரே இல்லங்க. 2007 மாடல்ல இருந்து டர்போ. வாங்குன வண்டி என்ன வண்டின்னு பாக்காம சாமான் ஆர்டர் பண்ணாதீங்க. இதே 2008ல கூரை மடக்கற கன்வெர்ட்டிபிள் எஸ்ஸா இருந்தா சூப்பர்சார்ஜர் இருக்கும், அது மட்டும் பழைய இன்ஜினோடயே 2008 வரைக்கும் வந்துச்சு.

கே: 15 பர்சன்ட் சின்ன புல்லி போட்டிருக்கேன். அதுக்கு ஒரிஜினல் வால்வு தாங்குமா?

ப: நல்ல நிலைமைல இருந்தா தாங்கும். புல்லி சின்னதானா சார்ஜர் வேகமா சுத்தும், கம்பெனி புல்லில 11, 12 பிஎஸ்ஐ பூஸ்ட் வர்ற இடத்துல உங்களுக்கு ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூட வரும், அதனால தேஞ்ச வால்வுல ஒழுகல் இன்னும் நல்லா தெரியும். எனக்கு வால்வ விட சார்ஜர் மேலதான் கவல, முன்ன நிமிஷத்துக்கு ரவுண்டா 14,000 சுத்து சுத்துனது இப்ப 17,000 பக்கம் சுத்துது. ஆயில் எப்ப மாத்துனீங்க? மேல படிங்க.

கே: வால்வு தண்டு இறுகலா இருக்கு. துரு எடுக்கற ஸ்ப்ரே அடிக்கலாமா?

ப: அடிச்சா ஒரு வாரம் நல்லா இருக்கும். அப்புறம் தூசி ஒட்டி முன்ன விட மோசமாகும். கழட்டி கிளீன் பண்ணுங்க, அப்பவும் இறுகுனா மாத்துங்க.

கே: சென்னைல நிசான் மைக்ரா பெட்ரோல் வெச்சிருக்கேன். மைக்ராவுல சூப்பர்சார்ஜர் உண்டுன்னு படிச்சேன். இதுல பைபாஸ் வால்வு மாத்துனா பிக்கப் வருமா?

ப: படிச்சது சரிதான், ஆனா அது வேற வண்டி. 1.2 லிட்டர் மூணு சிலிண்டர்ல சூப்பர்சார்ஜர் வெச்சு 98 எச்பி வந்த மைக்ரா 2011ல ஐரோப்பாவுல விக்க ஆரம்பிச்சாங்க, நம்ம ஊர்ல அது விக்கவே இல்ல. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல ஓடுன மைக்ராவெல்லாம் நம்ம ஒரகடத்துல செஞ்சு கப்பல் ஏறுனதுதான், நமக்குத்தான் சார்ஜர் கொடுத்து வைக்கல. உங்க வண்டில இல்லாத வால்வ எப்படி மாத்துவீங்க? ஏர் ஃபில்டர் மாத்துங்க.

கே: வீட்லயே வால்வு மாட்டிட்டேன், கரெக்டாதான் மாட்டுனேன். ஆனா ஐட்லிங் 1500ல நிக்குது, உஸ்ஸுன்னு ஒரு சத்தம், இழுவையும் இல்ல. சார்ஜர் போயிருச்சா?

ப: நேத்து வரைக்கும் ஓடுன சார்ஜர் நீங்க வால்வு மாட்டுன அன்னைக்கேவா போகும்? இந்த வண்டில த்ராட்டிலுக்கு அப்புறம் எங்க ஓட்டை இருந்தாலும் ஐட்லிங்ல காத்த உறிஞ்சும், மிதிச்சா பூஸ்ட வெளிய விடும், நீங்க சொல்ற ரெண்டு கம்ப்ளைன்ட்டும் ஒரே ஓட்டைதான். முதல்ல இன்டர்கூலர் ரப்பர் உறை ரெண்டையும் சுத்தி கைய விட்டு தடவிப் பாருங்க, அடிப்பக்கம் உதடு மடங்கி உள்ள போயிருக்கும், மேல இருந்து பாத்தா கிளாம்ப் ஜம்முன்னு உக்காந்திருக்கற மாதிரிதான் தெரியும். அடுத்து வால்வு அடில பழைய ஓ-ரிங்க எடுக்காம அது மேலயே புதுச வெச்சீங்களான்னு பாருங்க. ரெண்டும் இல்லன்னா, வேக்யூம் டியூப் மாட்டாம தொங்கிட்டிருக்கும்.